நிணநீரில் ஒரு புழு, பித்தநாளத்தில் ஒரு புழு

மனித உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் புழு புற்றுநோயை வரவழைக்குமா, தடுக்குமா? இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு. வயிற்றில் பூச்சி இருந்தாலே அது ஒருநாள் கட்டியில் கொண்டுபோய் விடும் என்று அஞ்சுவோர் ஒரு பக்கம். புழுக்களை ஒழித்ததால்தான் புதுப்புது நோய்கள் பெருகின என்று வாதிடுவோர் மறுபக்கம். பொத்தாம்பொதுவாகப் புழு என்று பேசும்வரை இந்த வழக்கு தீராது. இரண்டு புழுக்களை எடுத்துக்கொண்டு, அவை வரும் வழி, குடியிருக்கும் இடம், உடலில் செய்யும் வேலை ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விடை துலங்கும்.

முதலாவது, தேங்காய்ப்பட்டணம் போன்ற தென்திருவிதாங்கூர்க் கரையோர ஊர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த யானைக்கால் புழு. இரண்டாவது, தாய்லாந்தின் வடகிழக்கில் ஈசான் எனப்படும் பகுதியிலும் அதையடுத்த லாவோஸிலும் பரவிக்கிடக்கும் கல்லீரல் தட்டைப்புழு. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1994-இல் இந்தத் தட்டைப்புழுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. சிறுநீர்ப்பையைத் தாக்கும் ஷிஸ்டோசோமா ஹேமடோபியம் என்ற ரத்தப் புழுவும் அதே ஆண்டு அதில் இடம்பெற்றது. சீனக் கல்லீரல் தட்டைப்புழு 2009-இல் சேர்ந்தது. யானைக்கால் புழு அந்தப் பிரிவில் இல்லை.

இரண்டுமே நீண்ட ஆயுள் கொண்டவை. இரண்டுமே நம் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கிவைத்துப் பிழைப்பவை. இருந்தும் ஒன்று புற்றுநோய்க்கு நேர்க்காரணமானது, மற்றது ஆகவில்லை. இந்த வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

வந்து சேரும் வழி

குழித்துறையாறு கடலில் கலக்கும் இடம் தேங்காய்ப்பட்டணம். 1860-களில் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய், ஊரார் வாயில் ஏ.வி.எம். கால்வாய், இந்தக் கரையோரமாகத்தான் போகிறது. தென்னை அடர்ந்த ஊர். கதம்பல் எனப்படும் தேங்காய் மட்டையைத் தண்ணீரில் அழுகப்போட்டுத் தும்பு எடுக்கும் தொழில் இந்தக் கரையின் பழைய பிழைப்பு. தேங்கிய தண்ணீருக்கும் கொசுவுக்கும் இங்கே என்றுமே பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் யானைக்கால் நோய் பரவியிருந்த மாவட்டங்களில் இந்த ஊர் இருக்கும் கன்னியாகுமரியும் ஒன்று.

நம் நாட்டில் யானைக்கால் நோயைத் தருபவை இரண்டு இனங்கள். இந்தியா முழுவதும் பெரும்பான்மையாக இருப்பது உச்செரேரியா பான்கிராஃப்டி. சாக்கடையிலும் அழுக்குத் தேக்கத்திலும் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு அதைச் சுமக்கிறது. இன்னொன்று புரூஜியா மலாயி. திருவிதாங்கூர்க் கரையில் சேர்த்தலைப் பகுதி அதன் பேர்பெற்ற இருப்பிடம். அதைச் சுமக்கும் மான்சோனியா கொசுவின் புழுப்பருவம் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வருவதில்லை. ஆகாயத்தாமரையின் வேரில் தன் மூச்சுக்குழலைக் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சியபடி அடியிலேயே கிடக்கும். அதனால் குளத்தின் மேல் எண்ணெய் தெளித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, செடியையே வாரி எடுக்கவேண்டும். புதுச்சேரியில் 1975-இல் தொடங்கிய கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம், சேர்த்தலையில் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு அதைத்தான் செய்தது.

ஈசானில் வழி வேறு. ஆற்றுநீரில் விழும் புழு முட்டையை ஒரு சிறு நன்னீர் நத்தை தின்கிறது. நத்தைக்குள் வளர்ந்து வெளிவரும் இளம்புழு, கெண்டை இனத்துச் சிறுமீன்களின் சதைக்குள் புகுந்து உறை கட்டிக்கொள்கிறது. அந்த மீனைப் பொடியாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் கலந்து பச்சையாகவே உண்பது அங்கே விருப்பமான உணவு. கோய் பிளா என்பது அதன் பெயர். எலுமிச்சையின் புளிப்பில் மீன் வெளுத்து வெந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளிருக்கும் புழு சாவதில்லை.

தேங்காய்ப்பட்டணத்து அடுப்பில் சாளையும் அயிலையும் தேங்காய் அரைப்போடு கொதித்துக் குழம்பாகின்றன, நெத்தோலி அவியலாகிறது. ஈசானின் புழு நன்னீர் மீனில் வாழ்வது, நம் கரையில் தின்பது பெரும்பாலும் கடல்மீன், அதுவும் வெந்தது. ஆகவே தட்டைப்புழு இங்கே கால்வைக்க இடமில்லை. அங்கே வாய் வழியாக ஒரே விருந்தில் பல புழுக்கள் உள்ளே போகின்றன. இங்கேயோ தோல் வழியாக, பல மாதங்களில் எண்ணற்ற கொசுக்கடிகளுக்குப் பிறகுதான் புழு நிலைபெறுகிறது.

அடக்கும் கலை: இரண்டுக்கும் பொது

பெண் யானைக்கால் புழு நூல் போன்றது, எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம். நிணநீர்க் குழாய்களுக்குள் சுருண்டு கிடந்து ஆறேழு ஆண்டுகள் வாழும். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் நுண்புழுக்களை ஈன்று ரத்தத்தில் விடும். தட்டைப்புழு இலை வடிவம், ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர். பித்தநாளத்தின் சுவரை உறிஞ்சிகளால் பற்றிக்கொண்டு பத்தாண்டுக்கு மேலும் இருக்கும். இவ்வளவு பெரிய அயல் உயிர்களை உடல் ஏன் விட்டுவைக்கிறது?

புழு நுழைந்ததும் நம் எதிர்ப்பாற்றல் இரண்டாம் வகைத் தாக்குதலைத் தொடங்குகிறது. இன்டர்லூக்கின்-4, 5, 13 ஆகிய தூதுப்பொருட்கள் சுரக்கின்றன. இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் பெருகுகின்றன. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அந்த எண்ணிக்கை கூடியிருந்தால் மருத்துவர் உடனே "பூச்சி மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பது இதனால்தான். புழு இறக்காமல் நீடிக்கும்போது உடல் தன் உறுப்புகளையே எரித்துவிடாமலிருக்க வேகத்தைக் குறைக்கிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் கூடுகின்றன. இன்டர்லூக்கின்-10, டி.ஜி.எஃப்-பீட்டா ஆகிய அமைதிப்படுத்தும் பொருட்கள் பெருகுகின்றன. புழுவும் தன் உடலிலிருந்து கசியவிடும் பொருட்களால் இந்த அமைதியைத் தூண்டிவிடுகிறது.

அச்சம் பிறப்பது இந்த இடத்தில்தான். புற்றுக் கட்டியும் இதே கருவிகளைக் கையாளுகிறது. கெட்டுப்போன செல்லைக் கண்டுபிடித்துக் கொல்லவேண்டிய டி செல்களையும் இயற்கைக் கொல்லிச் செல்களையும் மழுங்கடிக்க, கட்டி தன்னைச் சுற்றி ஒழுங்குபடுத்தும் டி செல்களையும் இன்டர்லூக்கின்-10-ஐயும் சேர்த்துக்கொள்கிறது. புழு ஏற்கெனவே அமைதிப்படுத்திய உடலில் கட்டிக்கு வேலை எளிதாகிவிடாதா?

இந்த அடக்கம் வெறும் ஊகமில்லை. காசநோய்க் கிருமி உடலில் உறங்கிக் கிடப்பவர்களை, யானைக்கால் புழு உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துச் சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுபாஷ் பாபு குழுவினர் ஆராய்ந்தனர். புழு உள்ளவர்களிடம் காசக்கிருமிக்கு எதிரான தாக்குதல் தணிந்திருந்தது. சென்னை நகர்ப்புற, கிராமப்புற ஆய்வின் கீழ் 2010-இல் வெளிவந்த கட்டுரை இதன் மறுமுகத்தைக் காட்டியது. நீரிழிவு இல்லாதவர்களில் சுமார் 10 விழுக்காட்டினரிடம் யானைக்கால் புழுவின் அடையாளம் இருந்தது, நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களிடம் அது சுமார் 4 விழுக்காடுதான். தணிக்கப்பட்ட அழற்சி ஒரு நோய்க்கு வழிவிடுகிறது, இன்னொரு நோயைத் தள்ளிவைப்பதுபோலவும் தோன்றுகிறது. ஆனால் புழு நீரிழிவைத் தடுத்தது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்படுவது குறைவு என்பதுவரைதான் அந்த எண்கள் பேசும்.

பாதை பிரியும் இடம்

அடக்கம் பொது என்றால், புற்று மட்டும் ஒரு புழுவோடு ஏன் ஒட்டிக்கொண்டது? பித்தநாளத்துக்குள் பார்க்கவேண்டும்.

தட்டைப்புழு அங்கே மூன்று வேலை செய்கிறது. முதலாவது புண். உறிஞ்சிகள் பற்றும் இடமெல்லாம் நாளத்தின் உள்தோல் சிதைகிறது, ஆறுகிறது, மறுபடி சிதைகிறது. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் மரபணுவில் பிழை நேர வாய்ப்புண்டு. ஆண்டுக்கணக்கில் பிரியும் தோலில் பிழைகள் குவிகின்றன. இரண்டாவது ஊட்டம். இந்தப் புழு கிரானுலின் என்ற புரதத்தைச் சுரக்கிறது. மனித உடலில் செல்களைப் பெருகச் சொல்லும் கிரானுலினை அது ஒத்திருக்கிறது. ஆஸ்திரேலிய, தாய்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவு இது. புழுவுக்கு அதனால் என்ன லாபம் என்றால், புண் விரைவில் ஆறினால் அதன் வீடு நிலைக்கும். ஆனால் அந்த ஊட்டம் பிழைபட்ட செல்லுக்கும் சேர்த்தே போகிறது.

மூன்றாவது, துணைக்கு வரும் நஞ்சு. ஈசானின் புளித்த மீன் உணவுகளில் நைட்ரோசமின் வகைப் பொருட்கள் உண்டு. அழற்சியுற்ற கல்லீரலிலும் அவை உருவாகின்றன. 1970-களின் இறுதியில் வெள்ளெலிகளிடம் செய்த சோதனை இதில் தெளிவானது. புழு மட்டும் தொற்றிய எலிகளுக்குப் புற்று வரவில்லை. குறைந்த அளவு நைட்ரோசமின் மட்டும் உண்டவற்றுக்கும் வரவில்லை. இரண்டும் சேர்ந்தவற்றுக்குப் பித்தநாளப் புற்று வந்தது. உலகிலேயே பித்தநாளப் புற்றுநோய் மிகுதியாகப் பதிவாகும் இடம் வடகிழக்குத் தாய்லாந்தின் கோன் கேன் என்பதற்கு இந்த மூன்றும் ஒரே குழாயில் கூடியதே காரணம்.

யானைக்கால் புழுவிடம் இந்தக் கூட்டணி இல்லை. அது நிணநீர்க் குழாயில் கிடந்து குழாயை விரியச் செய்கிறதே தவிர, எதையும் பற்றிக் கடித்துக் குதறுவதில்லை. தின்னும் உணவிலிருந்து வரும் நஞ்சு அது இருக்கும் இடத்தில் வந்து செறிவதுமில்லை. அடக்கம் மட்டும் இருக்கிறது. அடக்கம் மட்டும் புற்றை உண்டாக்கப் போதாது என்பதற்கு, நுண்புழுவை ரத்தத்தில் சுமந்தபடி நோவு ஏதும் அறியாமல் வாழ்ந்த லட்சக்கணக்கான நம்மூர் மக்களே சான்று.

இந்த விஷயத்தில் அவசரப்பட்டதற்கு அறிவியல் ஒருமுறை விலை கொடுத்திருக்கிறது. கோபன்ஹேகனில் யோஹானஸ் ஃபிபிகர், எலிகளின் இரைப்பையில் புழு புற்றை உண்டாக்குகிறது என்று 1913-இல் அறிவித்தார். 1926-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அதற்காக அவருக்கு வழங்கப்பட்டது. அந்த எலிகளின் உணவில் வைட்டமின் ஏ குறைந்திருந்ததும், அவர் கண்ட மாற்றங்கள் பெரும்பாலும் புற்றே இல்லை என்பதும் பின்னாளில் தெரியவந்தது. புழுவோடு கூட வேறென்ன இருந்தது என்று கேளாததால் வந்த பிழை அது.

புழுக்களின் பெயரை மாற்றினால் முடிவும் மாறும். குடல் அழற்சி வழியே பெருங்குடல் புற்றை உண்டாக்கும் எலிச் சோதனையில், வயிற்றறைக்குள் விடப்பட்ட ஒரு நாடாப்புழு கட்டிகளைக் குறைத்தது என்று 2014-இல் மெக்சிகோ ஆய்வாளர்கள் காட்டினர். அதே வகைச் சோதனையில் எலியின் குடலுக்குள்ளேயே வாழும் ஓர் உருளைப்புழு கட்டிகளைப் பெருக்கியது என்று 2017-இல் ஜெர்மனியிலிருந்து முடிவு வந்தது. முன்னது கட்டி வளரும் இடத்துக்கு வெளியே இருந்து அழற்சியைத் தணித்தது. பின்னது அந்த இடத்திலேயே குடியிருந்தது. நம் இரு புழுக்களின் கதையும் இதுதான்: இருக்கும் இடமே தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

வீங்கிய காலின் தனிக்கதை

அப்படியானால் யானைக்கால் நோய்க்கும் புற்றுக்கும் தொடர்பே இல்லையா? அரிதாக உண்டு. ஆனால் அது வேறு வாசல் வழியாக வருகிறது.

யானைக்கால் புழு தொற்றியவர்கள் இரு வகை. கால் வீங்காமல், ரத்தத்தில் நுண்புழுவைச் சுமப்பவர்கள் ஒரு வகை. இரவு பத்து மணிக்கு மேல் சுகாதாரப் பணியாளர் வீடுவீடாக வந்து விரல்நுனியில் குத்திக் கண்ணாடிச் சில்லில் ரத்தம் தடவிப் போவது இவர்களைக் கண்டுபிடிக்கத்தான், கொசு கடிக்கும் அந்த நேரத்தில்தான் நுண்புழு தோலுக்கடி ரத்தத்துக்கு வரும். இவர்களிடம் அடக்கம் மிகுதி. மற்ற வகை, நெறிகட்டிக் குளிர்காய்ச்சல் அடித்து அடித்துக் கால் பெருத்தவர்கள். இவர்களிடம் ஒழுங்குபடுத்தும் டி செல்களின் கை தளர்ந்து, அழற்சி ஓங்கியிருக்கிறது என்பதும் சென்னை ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பே. இவர்களில் பலரது ரத்தத்தில் புழு எப்போதோ போய்விட்டிருக்கும்.

அரிய புற்று வருவது இந்த இரண்டாம் வகையினரிடம். மார்பகப் புற்று அறுவைக்குப் பின் நெடுநாள் வீங்கிய கையில் நாளப் புற்று தோன்றுவதை ஸ்டூவர்ட், டிரீவ்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1948-இல் விவரித்தார்கள். பல ஆண்டு வீங்கிக் கிடந்த யானைக்காலிலும் அத்தகைய கட்டியும் தோல் புற்றும் எப்போதாவது வந்ததாக இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நிணநீர்தான் எதிர்ப்புச் செல்கள் ஊருலவும் பாதை. அந்தப் பாதை அடைபட்ட காலில் காவல் ஓட்டம் நின்றுபோகிறது, கெட்ட செல்லைக் கண்டு ஓடிவர ஆள் இல்லை. புழுவின் சூழ்ச்சியான அடக்கத்துக்கு இதில் பங்கு குறைவு. புழு விட்டுப்போன சேதமே இங்கே குற்றவாளி.

இந்த ஓர் இடத்தில் இரு புழுக்களும் மீண்டும் ஒன்றுபடுகின்றன. தட்டைப்புழுவை பிராசிகுவான்டெல் மாத்திரை கொல்லும், ஆனால் தழும்பேறிய பித்தநாளம் அப்படியே நிற்கும். தொற்று குறைந்த பிறகும் ஈசானில் புற்று தொடர்வதற்குக் காரணம், பல பத்தாண்டுகள் கழித்துத் தலைகாட்டும் இந்தத் தழும்புதான். நம் பக்கமும் கதை அதுவே. டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகளை ஊரெல்லாம் ஒரே நாளில் விழுங்கும் திட்டத்தால் தமிழகத்தின் பல மாவட்டங்களில் பரவல் நின்றது. வீங்கிய கால்கள் மட்டும் வீட்டுக்குள் மிஞ்சின.

மறைந்து வரும் மூன்றாம் ஆள்

அடக்கம் தனியே புற்றை ஆக்காது என்றேன். அடக்கத்தோடு ஒரு வைரஸ் சேர்ந்தால்? பெரு நாட்டின் அமேசான் பகுதிப் பெண்களிடம் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், குடற்புழு உள்ளவர்களிடம் கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் கூடுதலாகக் காணப்பட்டது. உறங்கும் ஹெர்பிஸ் வகை வைரஸைப் புழுத் தொற்று எழுப்பிவிடுவதை எலிகளில் 2014-இல் காட்டினார்கள். புழு விதைக்கவில்லை, விதைத்ததை விரட்டும் கையைக் கட்டிப்போடுகிறது. தட்டைப்புழுவுக்கு நைட்ரோசமின் துணை நின்றதுபோல, குடற்புழுவுக்கு வைரஸ் துணை நிற்கலாம். பெண்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசியும் கருப்பைவாய்ப் பரிசோதனையும் வேண்டும் என்று சொல்லும்போது, பள்ளியில் ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையையும் அதே மூச்சில் சொல்வது நியாயம்.

செய்யவேண்டியவை

ஒப்பிட்டதில் கிடைத்தது இது. புழு புற்றுநோய் தருமா என்பது தவறாகக் கேட்கப்படும் கேள்வி. எந்தப் புழு, எந்த இடத்தில், எத்தனை ஆண்டு, யார் துணையோடு என்று நான்காக உடைத்துக் கேட்டால்தான் விடை வரும். நாள்பட்ட புண், பெருகச் சொல்லும் ஊட்டம், துணை நஞ்சு மூன்றும் ஓரிடத்தில் கூடினால் ஆபத்து. எதிர்ப்பாற்றலின் அடக்கம் அந்த ஆபத்துக்கு வாசலைத் திறந்துவைக்கிறது, அவ்வளவே. புழுவை மருந்தாக்கலாம் என்று ஆசைப்படுவோருக்கும் இதே நான்கு கேள்விகள் பொருந்தும்.

நம் கரையில் இதைக் கொண்டு இரண்டு வேலைகள் உடனே செய்யலாம். முதலாவது, மந்துகால் எனப்படும் யானைக்கால் உள்ள பெரியவர்களின் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு ஈரம் போக ஒற்றி எடுத்து, உட்காரும்போது உயர்த்தி வைக்கவேண்டும். கழுவுகிற கைதான் அந்தத் தோலை அன்றாடம் பார்க்கும் கண். ஆறாத புண், கருநீலத்தில் எழும் தடிப்பு, திடீரென வளரும் மரு, இவற்றில் எதைக் கண்டாலும் "பழைய வீக்கம்தானே" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டிச் சதைத்துணுக்குப் பரிசோதனை கேட்கவேண்டும்.

இரண்டாவது, புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் திருவனந்தபுரத்துக்கோ வேறெங்கோ கிளம்புகிறவர்கள், வெறுங்காலோடு தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்தவர்கள் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு மண்ணிலிருந்து பாதத் தோல் வழியே புகுந்து, குடலுக்குள்ளேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓசையின்றி இருக்கும். கீமோவோடு தரும் ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தியதும் அது கட்டுமீறிப் பெருகி நுரையீரல், மூளைவரை பரவி உயிரைப் பறிக்கும். ஸ்டீராய்டு தொடங்கும் முன் பரிசோதித்து ஐவர்மெக்டின் கொடுத்தால் தடுத்துவிடலாம். புற்றிலிருந்து தப்ப வந்தவரைப் புழு கொண்டுபோவது போன்ற வீண் சாவு வேறில்லை. சிகிச்சைச் சீட்டு எழுதும் முன் "செருப்புப் போட்டா வேலை செஞ்சீங்க?" என்ற ஒரு கேள்வி அந்தச் சாவைத் தடுக்கும்.